வட்டக்களரியும் வகுப்பறையும்: பேராசிரியர் சி. மௌனகுருவின் அரங்க வாழ்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பின் நாடக வரலாற்றைப் பேசுகிறவர்கள் பேராசிரியர் சி. மௌனகுருவின் வாழ்வைப் பேராதனையில் நடிகர், யாழ்ப்பாணத்தில் நெறியாளர், வந்தாறுமூலையில் ஆசான் என்று பருவம் பருவமாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். காலவரிசையை நினைவில் வைத்திருக்க இப்பிரிப்பு உதவும் என்றாலும், அவர் எந்த மரபிலிருந்து வந்தவர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது இது பொருத்தமற்றதாகத் தோன்றுகிறது. மட்டக்களப்புக் கூத்தில் ஆடுவதும் ஆட்டுவிப்பதும் பழக்குவதும் தனித்தனித் தொழில்களாக இருந்ததில்லை. ஆடிப் பேரெடுத்தவரே வயது முதிர்ந்தபின் மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணாவியாராகிறார். அந்த அண்ணாவியாரே கூத்தின் பிரதியை அறிந்தவர், ஆட்டத்தைப் பழக்குபவர், அரங்கேற்ற இரவில் களரியின் நடுவில் நின்று முழுக் கூத்தையும் நடத்திச் செல்பவர். ஊரில் ஒரே ஆளிடம் கூடியிருந்த இந்த வேலைகள் நவீன மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்தபோது பிரிந்துபோயின. அவற்றைத் திரும்பவும் ஒருங்கு சேர்ப்பதற்கு ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் செய்த முயற்சியாக மௌனகுருவின் பணியை வாசிக்கலாம் என்பதே இவ்வாய்வின் நிலைப்பாடு. அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே முட்டுப்பட்டது என்பதே கீழே பேசப்படுகிறது.

ஊரின் பயிற்சி முறை

முதலில் அந்த மரபின் பயிற்சி ஒழுங்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னர் எழும் சிக்கல்கள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. பெரும்போக வெள்ளாமை வெட்டி, கையில் கொஞ்சம் நெல்லும் ஓய்வும் சேரும் காலத்தை ஒட்டியே கூத்துப் போடும் பேச்சு ஊரில் எழும். ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து என்று தீர்மானித்து, அண்ணாவியாரை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு ஆட்டமுறைகள் உண்டு. வடமோடியானால் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதை. தென்மோடியானால் காதலும் மணமும் கலந்த கதை. யாருக்கு எந்த வரத்து (பாத்திரம்) என்று முடிவாகி, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுக்கப்படுவதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். பிறகு தாளக்கட்டும் ஆட்டமும் பழகுவது மாதக்கணக்கில் நடக்கும். கிழமைக்கு ஒருமுறை ஊரார் முன்னிலையில் ஆடிக் காட்டும் கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், உடுப்பின்றி முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல் ஆகியவற்றைக் கடந்த பின்னரே அரங்கேற்றம். அதன் பின்னும் கூத்து முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு வீடு ஆடி முடிய இன்னும் நாட்கள் செல்லும்.

இவ்வொழுங்கில் கவனிக்க வேண்டியது, பார்வையாளரும் பயிற்சியின் பகுதியாக இருப்பது. கிழமைக்கூத்துக்கு வந்திருக்கும் பழைய கூத்தர் ஒருவர் கால் பிசகுகிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம், சொல்லவும் செய்வார். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றி நாலாபக்கமும் இருந்து விடியும்வரை பார்ப்பவர்களுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும். கூத்தர் சுற்றிவர ஆட, அண்ணாவியாரும் கைத்தாளம் போடும் சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவிலேயே நிற்பார்கள். நெறியாளர் அளிக்கையின்போது மறைந்துபோகாத அரங்கு இது.

மௌனகுரு 1943இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். மாமாங்கேஸ்வரர் கோயிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் உள்ள அந்த ஊரிலிருந்து வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்துக்குப் படிக்கப் போனார். கூத்து ஊறிய வந்தாறுமூலையும் அதைச் சுற்றிய கிராமங்களும் ஒரு மாணவனுக்கு எதைக் கொடுத்திருக்கும் என்பதை மேலே சொன்ன ஒழுங்கை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அவருக்கு முன்பே அங்கே கூத்து போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

பேராதனையில் நடந்த மாற்றம்

1956இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர, ‘நாடகம’ என்னும் சிங்களக் கூத்து வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு ‘மனமே’யைப் பேராதனை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அந்த வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்பது. அப்படியானால் மூல வடிவத்தை வைத்திருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி தமிழ்த்துறையைச் சும்மா இருக்க விடவில்லை. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு மன்னார்க் கூத்துகளைத் தேடி, அண்ணாவிமாரைச் சந்தித்து, 1962இல் ‘அலங்காரரூபன் நாடகம்’ என்ற தென்மோடிக் கூத்தைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் ‘கர்ணன் போர்’ பேராதனை மாணவர்களால் மேடையேறியது. அடுத்த ஆண்டில் ‘நொண்டி நாடகம்’. அதன் பின் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’.

இந்த மேடையேற்றங்களுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் அழைக்கப்பட்டார். வடிவத்தின் உயிர் அவர் கையில் இருந்தது. ஆனால் தயாரிப்பின் முடிவுகள் வித்தியானந்தனுடையவை. விடிய விடிய ஆடும் கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்கப்பட்டது. நாலாபக்கமும் திறந்திருந்த களரி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடையாயிற்று. மத்தளமும் பிற்பாட்டும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயின. திரும்பத் திரும்ப வரும் தருக்கள் என்னும் கூத்துப் பாட்டுகள் வெட்டப்பட்டு, பாத்திரங்களின் மெய்ப்பாட்டுக்கு இடம் கொடுக்கப்பட்டது. ஊரில் ஒருவரான அண்ணாவியார், இங்கே ஆட்டம் பழக்குபவர் என்றும் தயாரிப்பாளர் என்றும் இருவராகப் பிரிந்தார் என்று சொன்னால் பிழையாகாது.

அந்தப் பிரிவின் இரு பக்கத்தையும் உள்ளே நின்று பார்த்தவர் மௌனகுரு. அவர் அங்கே நடிகர் மட்டுமல்லர். ‘இராவணேசன்’ கூத்தின் எழுத்துருவே அவருடையது, இராவணனாக ஆடியவரும் அவரே. இருபது வயதைக் கடந்துகொண்டிருந்த ஒரு மாணவன் எழுதி ஆடிய அந்த இராவணன், மரபுக் கூத்தின் வில்லனும் அல்லன், மேடைப் பேச்சுகளில் அந்நாளில் அடிபட்ட திராவிட வீரனும் அல்லன். தம்பியையும் பிள்ளையையும் போருக்குப் பலிகொடுத்துவிட்டு, பின்வாங்கத் தன்மானம் இடங்கொடாமல் தானும் போய் மடிகிறவன். வடமோடியின் போர் ஆட்டம் வெற்றியின் ஆரவாரத்துக்கே பயன்பட்டு வந்த நிலையில், அதே தாளக்கட்டில் ஒருவனுடைய மனத்தின் அலைச்சலை ஆடிக் காட்டலாம் என்பதை அந்த எழுத்துரு நிறுவியது. வித்தியானந்தன் தயாரிப்புகளில் இன்றுவரை பேசப்படுவது இதுவாக இருப்பதற்குக் காரணம், எழுதியவனின் காலுக்கும் ஆட்டம் தெரிந்திருந்தது என்பதே. ஆட்டம் தெரியாதவர் எழுதும் கூத்துப் பாட்டு, படிக்க நன்றாக இருந்தும் மிதிக்க வராது. கூத்தாடியவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வடக்கில்

பேராதனையை விட்டபின் ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் அவர் எழுதி நெறிப்படுத்திய ‘சங்காரம்’, 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் சாதி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த சூழலில் மேடை கண்டது. சாதி, இனம், மதம், வர்க்கம் என்னும் அரக்கர்களை உழைக்கும் மக்கள் சங்காரம் செய்யும் அக்கதைக்கு வடமோடி ஆட்டம் அப்படியே பொருந்தியது. போரில் முடிய வேண்டும் என்ற வடமோடியின் விதியை அரசியல் செய்தியாக மாற்றியதே அதன் சூட்சுமம். புராணக் கதையைத் தவிர வேறெதையும் தாங்காது என்று நம்பப்பட்ட ஒரு வடிவத்தால் சமகாலத்தைப் பேச முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. பாத்திரங்கள் ஆளாக அமையாமல் கருத்தாக நிற்பது அதன் குறை. ‘இராவணேசன்’ எழுதியவரின் கை இதில் தளர்ந்திருக்கிறது என்பது என் மதிப்பீடு.

யாழ்ப்பாணத்தில் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியைச் சூழ்ந்து எழுந்த இயக்கம் மௌனகுருவுக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. களப்பயிற்சி, அரங்க விளையாட்டு, குழுவாகக் கூடி நாடகம் ஆக்கல், சிறுவர் அரங்கு ஆகியவை ஊர்க்கூத்தில் பெயரின்றி நடந்தவை. இங்கே அவை முறையாக வகுக்கப்பட்டன. அவரது ‘தப்பி வந்த தாடி ஆடு’ சிறுவர் நாடகம் பள்ளிகளில் திரும்பத் திரும்ப மேடையேறியதும், பெண்களின் நிலையைப் பேசிய ‘சக்தி பிறக்குது’ வந்ததும் இக்காலத்துக்கு உரியவை. இவ்வேலைகளுக்கு நடுவே ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்ற ஆய்வுக்காக 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1998இல் நூலாக வந்த அந்த ஆய்வு வடமோடி, தென்மோடியோடு நிற்காமல் பறைமேளக் கூத்து, மகிடிக் கூத்து, வசந்தன் கூத்து ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு, அவற்றை ஆடும் சமூகங்களின் நிலையோடு இணைத்துப் பேசுகிறது. இந்தச் சேர்க்கை முக்கியமானது. வடமோடியும் தென்மோடியும் மட்டுமே கூத்து என்று நினைத்திருந்த படித்தவர்களின் கண்ணுக்கு, ஒடுக்கப்பட்ட சமூகத்தின் ஆட்டமும் நாடகந்தான் என்று காட்டியது அது.

வந்தாறுமூலைக்குத் திரும்புதல்

1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தாம் படித்த அதே வளவுக்கு 1990களின் தொடக்கத்தில் மௌனகுரு பேராசிரியப் பணிக்குத் திரும்பினார். திரும்பிய காலம் எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். 1990 செப்டெம்பர் 5 அன்று அந்த வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. இரவில் ஊரார் கூடுவதும் மத்தளச் சத்தம் தூரத்துக்குக் கேட்பதும் ஆபத்தாகிவிட்ட காலத்தில், விடியும்வரை ஆடும் ஒரு கலை எப்படி நிலைக்கும்? மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் கூத்து ஆண்டுக்கணக்கில் நின்றுபோனதற்குச் சினிமா, தொலைக்காட்சி என்று காரணம் சொல்பவர்கள் இந்த இருட்டை மறந்துவிடுகிறார்கள். ஊரில் கூத்து ஒடுங்கிய அதே ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தில் அது பாடமாக வளர்ந்தது. இது தற்செயலாக நடந்ததா, ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பியதா என்று இன்னும் ஆராயப்பட வேண்டும்.

நுண்கலைத்துறையில் அவர் கட்டியெழுப்பிய பாடத்திட்டத்தின் அடிப்படை எளிது: நாடகம் படிக்கும் மாணவன் ஆட வேண்டும். கிரேக்க நாடகமும் சமஸ்கிருத நாடகமும் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டும் படிக்கிற அதே மாணவன் வடமோடித் தாளக்கட்டைக் காலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அண்ணாவிமார் வளாகத்துக்குள் வந்து பழக்கினார்கள். ஊரில் ஆண்களே பெண் வேடமும் கட்டி ஆடிய கூத்தைப் பெண் மாணவர்கள் கற்று ஆடினார்கள். கூத்தின் சமூக வரலாற்றில் இதனை ஒரு பெரிய உடைப்பு என்றே கொள்ள வேண்டும், அன்று அது ஆரவாரமில்லாமல் நடந்துவிட்டபடியால் போதிய கவனம் பெறவில்லை. மார்ச் 27ஆம் திகதி உலக நாடக தினத்தை ஒட்டி மாணவர்கள் தம் ஆக்கங்களை மேடையேற்றும் விழா, மட்டக்களப்பு நகரத்தாருக்கு ஆண்டுதோறும் புதிய நாடகம் பார்க்கும் வாய்ப்பாயிற்று. இவ்விழாவையே பல்கலைக்கழகத்துக்குள் முளைத்த கிழமைக்கூத்து என்று சொல்லலாம் போலத் தோன்றுகிறது. மாணவரின் பயிற்சி ஊரார் கண்முன்னே வருவதற்கு அங்கே இருந்த வாசல் அதுதான்.

இப்பணிக்கு மட்டக்களப்பில் ஒரு முன்னோடி இருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த தமது ‘மதங்கசூளாமணி’யில் பழந்தமிழ் நாடக இலக்கணத்தையும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். தமது ஊரின் கூத்து அந்த நூலுக்குள் இடம்பெறவில்லை. சுவாமியின் பெயரால் கல்லடியில் தோன்றிய இசை நடனக் கல்லூரி பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. அங்கே கர்நாடக இசைக்கும் பரதத்துக்கும் பக்கத்தில் கூத்தும் கற்கத்தக்க கலையாக வந்து சேர்ந்ததில் மௌனகுரு தலைமுறையின் வாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மீண்டும் ‘இராவணேசன்’

2000களில் மௌனகுரு தம் மாணவர்களைக் கொண்டு ‘இராவணேசனை’ மீண்டும் தயாரித்தார். நடிகராக ஆடிய கூத்தை நாற்பது ஆண்டுகளின் பின் நெறியாளராகவும் ஆசிரியராகவும் எடுத்த இந்நிகழ்வே, இவ்வாய்வின் வாதத்தைச் சோதிக்க ஏற்ற இடம். பேராதனையில் பிரிந்த வேலைகள் இங்கே ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன: எழுத்துருவும் அவருடையது, ஆட்டமும் அவர் உடலில் இருந்தது, பழக்கப்படுபவர்களும் அவருடைய மாணவர்கள். அண்ணாவியாரின் நிலைக்கு மிக அருகே அவர் வந்தது இந்த ஒத்திகைகளில்தான்.

அதே வேளை, அவர் எடுத்தது ஊர்க்கூத்து அன்று. மேடை படச்சட்ட மேடைதான், ஒளியமைப்பு உண்டு, கூத்தின் ஆட்டத்தோடு பிற ஆடல், இசை மரபுகளின் கூறுகளும் சேர்ந்தன. நீண்ட போரைக் கண்ட பார்வையாளருக்கு முன் இராவணனின் வீழ்ச்சி ஆடப்பட்டபோது, 1960களில் தனியொருவனின் அவலமாக இருந்தது ஒரு நாட்டின் அவலமாகக் கனத்தது. எழுத்துருவில் பெரிதாக எதையும் மாற்றாமலே இது நிகழ்ந்திருக்கும். போர் நடக்கும் மண்ணில் போர்க்கூத்து ஆடுவதென்றால் அப்படித்தான்.

முடியாத வழக்கு

இந்த முழுப் பாதை மீதும் வைக்கப்பட்ட கடுமையான விமர்சனம் வெளியிலிருந்து வரவில்லை, அதே நுண்கலைத்துறைக்குள்ளிருந்தே வந்தது. கலாநிதி சி. ஜெயசங்கர் முன்வைத்த கூத்து மீளுருவாக்கம் என்னும் அணுகுமுறை, வித்தியானந்தன் வழிவந்த செம்மைப்படுத்தலை அடியோடு கேள்விக்குட்படுத்தியது. கூத்தைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்றி, படித்தவர்களின் இரசனைக்குத் தக்கதாக்கியபோது அது ஆடும் சமூகத்தின் கையிலிருந்து நழுவியது என்பதும், கூத்து மாற வேண்டுமானால் அதை ஆடுகிற மக்களே தம் களரியில், தம் உரையாடல் வழியாக மாற்ற வேண்டும் என்பதும் அந்தத் தரப்பின் வாதம். மட்டக்களப்பு சீலாமுனையில் ஊரவரோடு சேர்ந்து நடத்தப்பட்ட செயற்பாடுகள் இவ்வாதத்துக்கு நடைமுறை உருவம் கொடுத்தன. அங்கே வட்டக்களரி வட்டக்களரியாகவே இருந்தது; பெண் பாத்திரங்களின் சித்திரிப்பும் சாதிப் பாகுபாடும் ஊரவரின் விவாதத்துக்கு வந்தன.

மேடைத் தயாரிப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜெயசங்கர் தரப்பின் வாதத்தை மறுப்பது கடினம். பேராதனைத் தயாரிப்புகளால் கூத்துக்குக் கிடைத்த மதிப்பு, படுவான்கரையில் கூத்தாடும் விவசாயிக்கு அதே அளவில் போய்ச் சேரவில்லை. நகர மண்டபத்தில் கைதட்டு வாங்கிய கூத்தின் ஆட்டத்தைப் பழக்கியவரின் பெயர் பல வேளைகளில் துண்டுப்பிரசுரத்தின் கடைசி வரியில் இருந்தது. ஆனால் மௌனகுருவின் பணியைத் தயாரிப்புகளை மட்டும் வைத்து அளப்பது போதாது. ஊரில் கூத்துத் தடைப்பட்டுக் கிடந்த ஆண்டுகளில் தாளக்கட்டைக் காலில் வைத்திருந்த இளைஞர்களை ஆண்டுதோறும் உருவாக்கியது வகுப்பறை. பின்னர் ஊர்க்களரிக்குத் திரும்பிய ஆய்வாளரும் ஆசிரியரும் பலர் அந்த வகுப்பறையைக் கடந்தே போனார்கள். மீளுருவாக்கம் பேசியவர்களுக்கும் அது ஒரு தளமாக இருந்தது. தன்னை மறுப்பவர்களுக்கும் இடம் கொடுத்த ஒரு துறையை உருவாக்கியது சிறிய காரியம் அன்று.

வகுப்பறையால் கொண்டுவர முடியாமற்போனது காலம். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி உடலில் இறங்கும் ஆட்டத்தைப் பல்கலைக்கழக நேரசூசியின் மணித்தியாலங்களுக்குள் வெட்டி வைத்தால், மாணவனுக்கு ஆட்டத்தின் வகைகள் தெரியும். ஒரு பாத்திரத்தை விடியும்வரை தாங்கி ஆடும் மூச்சு வராது. மௌனகுரு ஓய்வுபெற்ற பின் மட்டக்களப்பில் தொடர்ந்து நடத்திவரும் அரங்க ஆய்வுகூடத்தின் பயிற்சிகளை இந்தக் குறையோடு வைத்து நோக்கலாம். பரீட்சையும் புள்ளியும் இல்லாத ஓரிடத்தில், இளைஞர்கள் தம் நேரத்தில் வந்து பழகுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே போன பிறகே அண்ணாவியாரின் கால ஒழுங்கு ஓரளவாவது அவருக்குக் கைகூடியது.

இன்னொரு முட்டு அவரால் தீர்க்கக்கூடியதாக இருக்கவில்லை. பல்கலைக்கழக நியமன விதிகள் பட்டத்தைக் கேட்கின்றன. கூத்தைப் பாடமாக ஏற்ற நிறுவனம், அதை வாழ்நாள் முழுவதும் பழக்கிய அண்ணாவியாரை நிரந்தர விரிவுரையாளராக ஏற்க முடியாது. வருகைதரு பயிற்றுநர் என்ற கதவு மட்டுமே அவருக்குத் திறந்திருக்கிறது. மௌனகுருவிடம் ஆட்டமும் பட்டமும் சேர்ந்திருந்ததால் அவர் அந்தக் கதவுக்கு அப்பாலும் போனார். செல்லையா அண்ணாவியார் பேராதனையில் பழக்குபவராக நின்ற இடத்திலேயே, இன்று வந்தாறுமூலைக்கும் கல்லடிக்கும் வருகிற அண்ணாவிமார் மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு பெறும் பயிற்றுநராக நிற்கிறார்கள். நியமன விதியில் கலைஞருக்கான தனி வகை ஒன்றை உருவாக்காதவரை, மௌனகுரு ஒன்று சேர்க்க முயன்ற வேலைகள் அவருக்குப் பின் வருபவர்களிடம் திரும்பவும் பிரிந்தே இருக்கும்.